கொலு பொம்மைகளைச் சேர்ப்பதும் காப்பதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் பொம்மை சேர்ப்பதை யாரும் தனியான ஒரு பொழுதுபோக்காக எண்ணுவதில்லை. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்ற வழக்கம் ஒன்றே போதும். யாரும் திட்டமிடாமலேயே, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பரண் நிறைந்துவிடுகிறது. அவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால் பெரிய தொகை வராது. ஆனால் இந்தக் கிருஷ்ணனை எந்த ஆண்டு, எந்தத் தெருவில், யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கினோம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், அதே பொம்மைகள் அந்தக் குடும்பத்தின் வரலாறாகவே ஆகிவிடுகின்றன. நல்ல சேகரிப்பு என்பது எண்ணிக்கையில் பெரியது அன்று, ஒவ்வொரு பொம்மையைப் பற்றியும் சொல்ல ஏதாவது இருப்பது என்பதே என் கருத்து. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிநிலையும் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன், இருப்பதைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, உறவினர் வீடுகளின் பரண்களை விசாரிப்பது. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தபோது பொம்மைகளும் பிரிந்தன; கொலு வைப்பதை நிறுத்திவிட்ட பெரியம்மா வீட்டிலோ ஊரிலுள்ள பழைய வீட்டிலோ ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்படாமல் இருக்கக்கூடும். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இனி தம்மால் படி கட்ட முடியாது என்று வருந்தும் மூத்தவர்களுக்கு, தங்கள் பொம்மைகளை வேறொரு வீட்டின் கொலுவில் பார்ப்பதைவிட மகிழ்ச்சி தருவது அதிகமில்லை. பெட்டியைத் திறக்கும்போது அவர்களையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய பெட்டிகளில் களிமண் பொம்மைகளோடு வெளிநாட்டுப் பீங்கான் பொம்மைகளும் கிடைப்பதுண்டு. அவற்றைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், ஏறத்தாழ 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதியான பொருள்களில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று பொறிக்கப்பட்டது. அந்த முத்திரை இருந்தால் பொம்மையின் வயது தானாகத் தெரிந்துவிடும். எடையே இல்லாமல், மெல்லிய ஓடு போல இருக்கும் பழைய பொம்மை செல்லுலாய்டாக இருக்கலாம். செல்லுலாய்டு மிக எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், அதை விளக்குக்கும் கற்பூர ஆரத்திக்கும் எட்டாத தொலைவில்தான் வைக்க வேண்டும்.

மரப்பாச்சியிலிருந்து தொடங்குங்கள்

கொலுவின் மூத்த உறுப்பினர்கள் மரப்பாச்சி இணைதான். ஆணும் பெண்ணுமாகச் செதுக்கப்பட்ட இந்த மரப்பொம்மைகளைத் திருமணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அந்த இணையை வைத்துத்தான் அவள் புகுந்த வீட்டில் தன் முதல் கொலுவைத் தொடங்குவாள். மரபாக இவை செம்மரத்திலும் கருங்காலியிலும் செதுக்கப்பட்டன. திருப்பதிக்குச் சென்றவர்கள் வாங்கிவரும் ராஜா ராணி பொம்மைகளும் இந்த வகைதான். இப்போது விற்கப்படுபவற்றில் பல, வேறு மரத்தில் செதுக்கிச் சாயம் ஏற்றியவை. கையில் எடுத்தவுடன் தெரியும் கனம்தான் செம்மரத்துக்கு எளிய அடையாளம். ஆந்திரத்தின் சேஷாசல மலைப் பகுதியை ஒட்டி வளரும் செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே வெளிநாட்டில் வசிக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நல்லது, அல்லது வேறு மரத்தாலான இணையைத் தேர்ந்தெடுக்கலாம்.

மரப்பாச்சிக்கு ஆண்டுதோறும் புது உடை தைப்பது கொலுவின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. அதைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். பட்டுப்புடவையின் முந்தானையில் வெட்டிய துண்டு, ரவிக்கை தைத்தபின் மிஞ்சிய ஜரிகைக் கரை, தாத்தாவின் பழைய அங்கவஸ்திரத்தின் ஓரம் ஆகியவையே போதுமானவை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் உடைகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வீட்டுத் துணியில் தைத்த பாவாடையைப் பார்த்தவுடன் அது யார் கட்டிய புடவை என்று நினைவுக்கு வருவதைப் போல அவை எதையும் நினைவூட்டுவதில்லை. பழைய உடைகளைத் தூக்கியெறிய வேண்டாம். ஒரு சிறிய துணிப்பையில் ஆண்டைக் குறித்துச் சேர்த்து வையுங்கள்.

எங்கே, எப்போது வாங்குவது

சென்னையில் வசிப்பவர்களுக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியே முதலில் நினைவுக்கு வரும். நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பே நடைபாதை முழுவதும் பொம்மைகள் வந்து இறங்கிவிடும். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களும் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகின்றன. பல ஊர்ப் பொம்மைகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது ஏற்ற இடம். ஆயினும், ஒரு முறையாவது செய்பவர்களின் ஊருக்கே போய் வாங்குங்கள். கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, மதுரையில் திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம், சென்னைக்குள்ளேயே கொசப்பேட்டை ஆகிய இடங்களில் குடும்பம் குடும்பமாக இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். அங்கே வண்ணம் பூசாத பொம்மைகள் வரிசையாகக் காய்வதையும், எல்லா வண்ணமும் முடிந்த பின்னர் இறுதியாகக் கண் எழுதப்படுவதையும் பார்த்துவிட்டு வாங்கிய பொம்மையை நீங்கள் வேறு விதமாகக் கையாள்வீர்கள். குழந்தைகளை அழைத்துச் செல்ல இதைவிடச் சிறந்த சுற்றுலா எனக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூரின் தலையாட்டி பொம்மைக்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். நடன மாதுவின் வடிவில் செய்யப்படுவதோ தலை, உடல், பாவாடை எனத் தனித்தனிப் பகுதிகளாக ஒன்றின் மேல் ஒன்று தொங்கி ஆடுவது. தமிழ்நாட்டுக்கு வெளியே போனால், பெங்களூரு மைசூரு சாலையிலுள்ள சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள் கிடைக்கின்றன. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியில் பொனிகி என்னும் இலேசான மரத்தைச் செதுக்கி, மரத்தூளோடு புளியங்கொட்டைப் பசையைக் கலந்து பகுதிகளை ஒட்டுகிறார்கள். வங்காளத்துக் கிருஷ்ணநகரின் களிமண் பொம்மைகளில் ஒரு கிழவியின் முகச் சுருக்கம்கூடத் துல்லியமாக வந்திருக்கும். பயணம் போன ஊரின் பொம்மை ஒன்றை ஆண்டுப் பொம்மையாக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

எதை வாங்குவது என்பதற்கு என் பரிந்துரை ஒன்றுதான்: மனம் எதில் நின்றதோ அதை வாங்குங்கள். டெல்லியில் 1965இல் திறக்கப்பட்ட சர்வதேச பொம்மை அருங்காட்சியகத்தை உருவாக்கிய கார்ட்டூனிஸ்ட் சங்கருக்கு, ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையின் மேல் ஏற்பட்ட ஈர்ப்பிலிருந்துதான் அந்த ஆசையே பிறந்தது. இன்று அங்கே பல நாட்டுப் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லார் வீட்டிலும் அஷ்டலட்சுமி இருக்கிறதே என்பதற்காக அதை வாங்குவதைவிட, தோளில் தூளி கட்டிய ஒரு தாய் பொம்மையோ, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் ஒருவரோ உங்களைத் தடுத்து நிறுத்தினால், அந்தப் பொம்மையே அந்த ஆண்டுக்கு உரியது.

இதற்கு ஒரு விலக்கு, தொகுப்புகள். தசாவதாரத்தை ஆண்டுக்கு ஒன்றாக வாங்கலாம் என்று தொடங்கினால், அடுத்த ஆண்டு அதே அச்சு, அதே நீலம், அதே உயரம் கிடைப்பது அரிது. பத்தும் பத்து விதமாக நிற்கும். தொகுப்பை முழுவதுமாக ஒரே இடத்தில் வாங்குங்கள். கல்யாணத் தொகுப்பும் அப்படியே. நாதஸ்வரக்காரரும் பந்தியில் பரிமாறுபவரும் மாப்பிள்ளை அழைப்பும் ஒரே கையால் வண்ணம் பெற்றிருந்தால்தான் ஒரே வீட்டுத் திருமணமாகத் தோன்றும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் பொம்மை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுடுமண் கனமாக இருக்கும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் நன்றாக வெந்த பொம்மை தெளிவாக ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் ஒலி மங்கும். காகிதக்கூழ் பொம்மை அதன் அளவைப் பார்க்க இலேசானது, விழுந்தாலும் சட்டென்று உடையாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் பெரிய பொம்மைகளைக் காகிதக்கூழில் வாங்குவதே அறிவுடைமை. அடிப்பாகத்தில் வண்ணம் படாத இடம் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அது ஈரத்தை உறிஞ்சும்.

பிறகு முகத்தைப் பாருங்கள். ஒரே அச்சில் வந்த இருபது மீனாட்சிகள் வரிசையாக நின்றாலும் இருபதின் முகமும் ஒன்றாக இராது, ஏனெனில் கண்ணும் புருவமும் கையால் எழுதப்படுபவை. இரு கண்களும் ஒரே திசையில் நோக்குகின்றனவா, உதட்டு வண்ணம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் பொம்மையோடு திருப்தியடையாமல், அடுத்தடுத்து நான்கைந்தை எடுத்து வைத்து அவற்றின் கண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம்தான் இந்த வழக்கத்தின் உண்மையான இன்பங்களில் ஒன்று. அதை அவசரப்படுத்த வேண்டாம்.

இறுதியாக, சமதளத்தில் வைத்து ஆடாமல் நிற்கிறதா என்றும், இரண்டு பாதி அச்சுகள் சேரும் பக்கவாட்டுக் கோட்டில் வெடிப்பு உள்ளதா என்றும், வில், வேல், புல்லாங்குழல், விரல்கள் ஆகியவை உறுதியாக இருக்கின்றனவா என்றும் சோதியுங்கள். உங்கள் படியின் அகலத்தையும் இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட உயரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது பின்னால் வருந்தாமல் காக்கும்.

வெளியூரிலிருந்து கொண்டு வரும்போது ஒவ்வொன்றையும் வைக்கோலிலோ பருத்தித் துணியிலோ சுற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் கைகளுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் துணியைத் திணித்து வைத்தால் போதும். பேருந்தின் அதிர்வில் உடைவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளால்தான்.

குறிப்பேடு: இந்த வழிகாட்டியின் முதன்மையான பகுதி

ஒரு தடித்த அட்டைக் குறிப்பேட்டை வாங்கி, ஒரு பொம்மைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய ஆண்டு, இடம், விலை, பொருள், உயரம் ஆகியவற்றை மேலே எழுதிவிட்டு, மீதிப் பக்கத்தை அந்தப் பொம்மையின் கதைக்கு விட்டுவிடுங்கள். யார் தேர்ந்தெடுத்தார், யார் வேண்டாம் என்றார், அந்த ஆண்டு வீட்டில் என்ன நடந்தது, முதலில் எந்தப் படியில் நின்றது என்பவையெல்லாம் அங்கே வரலாம். விலையைக் குறிப்பது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கு, ஒரு சம்பளத்தில் எவ்வளவு பங்கை அந்தக் குடும்பம் ஒரு பொம்மைக்காக ஒதுக்கியது என்பதை அந்த ஓர் எண்தான் சொல்லும்.

சில பொம்மைகள் தம் ஆண்டைத் தாமே சொல்லிவிடும். காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளிவரும் அத்திவரதர் 2019இல் 48 நாட்கள் தரிசனம் தந்தார். சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அவருடைய பொம்மைகள் அந்த ஆண்டு நவராத்திரிக்குக் கடைகளை நிறைத்தன. உங்கள் வீட்டில் அந்தப் பொம்மை இருந்தால், அந்த வரிசையில் நின்றவர் யார், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், முதியவர்களை எப்படி அழைத்துச் சென்றார்கள் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். மற்றப் பொம்மைகளுக்கு இப்படிப்பட்ட அடையாளம் இல்லை. பச்சைக் கிளியோடு நிற்கும் ஓர் ஆண்டாள், பாட்டி தன் கடைசிக் கொலுவுக்கு வாங்கியதா அல்லது அதற்கு அடுத்த ஆண்டு வாங்கியதா என்பதைப் பொம்மையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பக்கத்திலும் முன்புறம், பின்புறம், அடிப்பாகம் என மூன்று படங்களை ஒட்டுங்கள். அதே எண்ணைப் பொம்மையின் அடியில் பென்சிலால் எழுதலாம். ஒட்டும் தாள் காலப்போக்கில் வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும் என்பதால் அதைத் தவிர்க்கவும். குறிப்பேட்டைப் பல கையெழுத்துகளில் எழுத விடுங்கள். ஐந்து வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டி எழுதிய வரி ஒன்று, நீங்கள் அழகாக எழுதிய ஒரு பக்கத்தைவிடப் பின்னாளில் அதிகம் வாசிக்கப்படும்.

படியில் வைக்கும் நாட்கள்

புரட்டாசியில் மகாளய அமாவாசையன்று பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகளைக் கட்டி, கலசத்தோடும் மரப்பாச்சியோடும் தொடங்குவது வழக்கம். மேற்படிகளில் தெய்வங்கள், அடுத்து அடியார்களும் மகான்களும், அதற்குக் கீழே மனித வாழ்க்கை, இறுதியில் அரிசி பருப்பைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் என்ற வரிசையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு மாறுபாடு உண்டு, உங்கள் வீட்டு வழக்கமே உங்களுக்குச் சரி. செட்டியார் கடையில் ஆண்டுதோறும் புது அரிசியும் புதுப் பருப்பும் நிரப்புவது ஒரு குழந்தையின் நிரந்தரப் பொறுப்பாக இருக்கட்டும்.

தரையில் அமைக்கும் பூங்கா முழுவதும் குழந்தைகளுக்கு உரியது. கேழ்வரகையும் கடுகையும் வெந்தயத்தையும் நான்கைந்து நாட்களுக்கு முன்பே ஈரமண்ணில் தூவிவிட்டால் நவராத்திரிக்குள் புல்வெளி முளைத்துவிடும். அவர்களுடைய பிளாஸ்டிக் டைனோசரும் சிறிய காரும் அங்கே இடம் கேட்டால் மறுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவை அவர்களுடைய சேகரிப்பு. தெப்பக்குளத்தின் கரையில் அந்த டைனோசர் நின்ற ஆண்டைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அதுவும் குடும்பத்தின் பொம்மையாகிவிடுகிறது.

மாலை வேளைகளில் வருபவர்கள் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டே ‘இந்த வருஷம் புதுசு எது?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வாய்ப்பைப் பொம்மையைத் தேர்ந்தெடுத்தவருக்கே கொடுங்கள். பத்து வயதுப் பையன் தான் தேர்ந்தெடுத்த யானையைப் பற்றி ஒன்பது நாளும் வெவ்வேறு மாமிகளுக்கு விளக்கிச் சொல்வதும், ஒவ்வொரு நாளும் அந்தக் கதையில் ஒரு செய்தி கூடுவதும் வீட்டாருக்குக் கிடைக்கும் தனி மகிழ்ச்சி. வருபவர்களிடமும் அவர்கள் வீட்டுக் கொலுவைப் பற்றிக் கேளுங்கள். பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் பேசாதவர்களும் பேசுவார்கள்.

சரவிளக்குகளை அமைக்கும்போது சூடாகாத எல்.இ.டி. வகையைப் பயன்படுத்துங்கள். பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். தவழும் குழந்தை வாயில் வைக்கும் உயரத்தில் அவற்றை வைக்க வேண்டாம்.

உடைந்தால்

உடைந்த துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உடனே எடுத்து, தாளில் மடித்து, பொம்மையோடு சேர்த்து வையுங்கள். சுத்தமான முறிவுக்கு வெள்ளைப் பசையே போதும். துண்டு காணாமல் போயிருந்தால் சாக்பீஸ் தூளை அதே பசையில் குழைத்துச் சிறிது சிறிதாக நிரப்பி, காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தொட்டால் சரியாகும். முகத்தை மட்டும் நீங்களாக முயல வேண்டாம். விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் பழைய பொம்மைகளைச் சீர்செய்து தரக்கூடிய கைகள் இருக்கின்றன.

ஆனால் மிகப் பழைய பொம்மைகளுக்கு முழுவதும் புது வண்ணம் பூசுவதை நான் ஏற்கவில்லை. மங்கிய அந்த நீலத்தைத்தான் உங்கள் அம்மா சிறுமியாக இருந்தபோது பார்த்தார். அதன் மேல் பளபளக்கும் எனாமலைப் பூசினால் பொம்மை புதிதாகும். அவர் பார்த்த பொம்மை மறைந்துவிடும். நீர் வண்ணம் பூசிய பழைய பொம்மைகளை ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது; மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

பெட்டிக்குத் திரும்புதல்

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்து, மறுநாள் பொம்மைகளை எடுத்து வைப்பார்கள். நவராத்திரி முடிந்த சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால் இந்த வேலையைக் கவனமாகச் செய்ய வேண்டும். மழை பெய்யும் நாளில் பெட்டியை மூடாதீர்கள். உள்ளே அடைபடும் ஈரம் ஓராண்டு முழுவதும் வண்ணத்தை அரிக்கும். நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டித் துண்டுகளில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வெளிர் நிற முகங்களில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூச்சிக்கு வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் துணிமுடிச்சில் கட்டிப் போடலாம். நாப்தலின் உருண்டைகள் பிளாஸ்டிக்கோடும் சிலவகை வண்ணங்களோடும் சேராதவை.

கனமானவை கீழே, இலேசானவை மேலே. அடுத்த ஆண்டு முதலில் தேவைப்படும் கலசச் செம்பும் மரப்பாச்சியும் தனிப் பெட்டியில் இருக்கட்டும். பெட்டியின் வெளியே உள்ளிருக்கும் பொம்மைகளின் எண்களை எழுதுங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழேயுள்ள பரண் கோடையில் கொதிக்கும் என்பதால் செல்லுலாய்டும் பிளாஸ்டிக்கும் அங்கே வேண்டாம். தரைத்தளத்தில் வசிப்பவர்கள், குறிப்பாகச் சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள், பெட்டிகளை இடுப்பளவு உயரத்துக்கு மேல்தான் வைக்க வேண்டும். சரியாகச் சுடாத மண் நீரில் ஊறினால் மீட்க முடியாது.

பங்கிடும் காலம்

பிள்ளைகள் தனித்தனியாகக் குடித்தனம் போகும்போது பொம்மைகளைப் பிரிக்க வேண்டி வரும். பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் முன்னிலையில், ஒரு நவராத்திரியின் போதே இதைப் பேசிவிடுவது நல்லது. தொகுப்புகளைப் பிரிக்காதீர்கள், தசாவதாரம் பத்தும் ஒரே வீட்டுக்குப் போகட்டும். தனிப் பொம்மைகளில் யாருக்கு எதன் மேல் சிறுவயது ஆசை என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அண்ணன் தம்பியரும் இந்தப் பேச்சில் இருக்க வேண்டும், ஏனெனில் படி கட்டியதும் பரணிலிருந்து இறக்கியதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரே பொம்மையை இருவர் கேட்டால் ஓராண்டு ஒருவர் வீட்டிலும் மறு ஆண்டு மற்றவர் வீட்டிலும் கொலுவிருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு போவதற்காகவே ஒரு சந்திப்பு நிகழும்.

பொம்மை எந்த வீட்டுக்குப் போனாலும் குறிப்பேட்டில் அதற்குரிய பக்கத்தின் நகலையும் பெரியவர் சொன்ன குரல் பதிவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தின் கடைசியில், இன்ன ஆண்டு இன்னார் வீட்டுக்குச் சென்றது என்று கொடுப்பவரும் வாங்குபவரும் தத்தம் கையால் எழுதட்டும்.